ரொட்டி உறையில் நற்கருணை கண்ட கொரீட்டா கென்ட்

அமெரிக்க மளிகைக் கடைகளில் 'வொண்டர் பிரெட்' என்றொரு ரொட்டி உண்டு. வெள்ளை உறை, அதன்மேல் பலூன்களைப் போலச் சிவப்பு, மஞ்சள், நீல வட்டங்கள். 1962-ல் லாஸ் ஏஞ்சலிஸில் ஒரு கன்னியாஸ்திரி அந்த வட்டங்களை மட்டும் எடுத்துத் திரை அச்சாக்கினார். கம்பெனியின் சின்னம் இல்லை, ரொட்டி இல்லை. சற்றே கோணலான வட்டங்கள் வரிசையாக நிற்கின்றன, தலைப்பு 'வொண்டர்பிரெட்'. கத்தோலிக்கரின் திருப்பலி வழிபாட்டுக்குப் போய்ப் பழகியவர்களுக்கு அந்த வட்டங்கள் உடனே நற்கருணை அப்பமாக, இயேசுவின் உடலாக நம்பி உண்ணும் வட்ட அப்பமாக, தெரியும். வொண்டர் என்றால் அதிசயம். கடைக்காரர் சொன்னாலும் அது அதிசய ரொட்டிதான், பீடத்தில் நிற்கும் குருவானவர் சொன்னாலும் அதிசய ரொட்டிதான்.

அதே 1962-ன் ஜூலையில் அதே நகரத்தின் ஃபெரஸ் காட்சிக்கூடத்தில் ஆண்டி வார்ஹால் தம்முடைய 32 சூப் டப்பா ஓவியங்களை வைத்திருந்தார். ரொட்டி உறையை அச்சாக்கிய அந்தக் கன்னியாஸ்திரி, அருட்சகோதரி கொரீட்டா, அதைப் போய்ப் பார்த்தார். கடைப்பொருளையும் விளம்பரத்தையும் கலையாக்கும் இந்தப் போக்குக்குப் பாப் கலை என்று பெயர். இதை வைத்து அவரை வார்ஹாலின் நிழலாக, 'பாப் கலைக் கன்னியாஸ்திரி' என்ற வேடிக்கைப் பொருளாக மட்டும் எழுதிவிட்டுப் போகிறவர்கள் உண்டு. அது பெரிய அநியாயம். வார்ஹால் டப்பாவை இருந்தபடியே விட்டார். கொரீட்டா எந்த லேபிளையும் சும்மா விட்டதில்லை. கசக்கினார், திருப்பினார், பாதியில் வெட்டினார், அது வேறொன்றைச் சொல்லும்வரை விடவில்லை. பாப் கலைஞர்களில் விளம்பரச் சொற்களை இத்தனை பொறுமையாகப் படித்தவர் இன்னொருவர் இல்லை. படித்ததை யாரும் வாங்கக்கூடிய விலையில் அச்சடித்துக் கொடுத்தவர்களும் குறைவு. இந்த இரண்டும் சேர்ந்ததுதான் அவருடைய கலை, அரசியலும் அதுவே.

1918 நவம்பர் 20-ல் அயோவா மாநிலத்தின் ஃபோர்ட் டாட்ஜில் பிறந்தவர். இயற்பெயர் பிரான்சஸ் எலிசபெத் கென்ட். குடும்பம் லாஸ் ஏஞ்சலிஸுக்கு வந்துசேர, பள்ளிப் படிப்பு முடிந்த கையோடு 1936-ல் மரியாளின் மாசற்ற இருதய சபையில் சேர்ந்தார். 1941-ல் சபையின் கல்லூரியில் பட்டம். சில காலம் கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் சிறுவர்களுக்கு ஆசிரியை. பிறகு அதே கல்லூரியின் ஓவியத் துறையில் ஆசிரியை. 1951-ல் தெற்கு கலிஃபோர்னியப் பல்கலைக்கழகத்தில் கலை வரலாற்றில் முதுகலை முடித்தார். அந்தக் காலத்தில்தான் திரை அச்சு கற்றார். மெக்சிக ஓவியர் ஆல்ஃபிரடோ ராமோஸ் மார்ட்டினெஸின் மனைவி மரியா அவருக்கு அந்த நுட்பத்தைக் காட்டிக்கொடுத்தார்.

ஏன் திரை அச்சு? கல்யாணப் பத்திரிகையிலும் மஞ்சப்பையிலும் பனியனிலும் நாம் பார்க்கும் அதே ஸ்கிரீன் பிரிண்டிங்தான். அன்றைய அமெரிக்காவில் கடைப் பலகைக்கும் தள்ளுபடி அறிவிப்புக்கும் உரிய வேலை என்று அதை நினைத்தார்கள். பெரிய இயந்திரம் வேண்டாம். ஒரு மேசை, ஒரு சட்டம், கை பலம் போதும். வறுமையில் வாழ்வோம் என்று வார்த்தைப்பாடு கொடுத்த ஒரு சபைக்கு இது தோதான தொழில்.

இன்னொரு காரணம் பலர் கண்ணில் படுவதில்லை. மரக்கட்டை அச்சிலும் செப்புத்தகட்டு அச்சிலும் படம் இடவலமாகத் திரும்பி விழும். ஆகவே எழுத்தைக் கண்ணாடியில் தெரிவதுபோல இடவலம் மாற்றிச் செதுக்க வேண்டும். திரை அச்சில் மை வலை வழியாக நேரே கீழே இறங்குவதால் எழுதியது எழுதியபடியே விழும். சொற்களால் படம் செய்ய வந்தவருக்கு, அதிலும் தம் கையெழுத்தையே படமாக்க வந்தவருக்கு, இதைவிட நல்ல கருவி கிடையாது.

வேலை நடக்கும் விதம் இது. மரச்சட்டத்தில் மெல்லிய துணியை முரசுபோல இழுத்துக் கட்டவேண்டும். அன்று பட்டு, பின்னாளில் பாலியெஸ்டர். பரவலாகப் புழங்கிய 12-ஆம் எண் பட்டில் அங்குலத்துக்குச் சுமார் 125 இழைகள் இருக்கும். மை இறங்கக் கூடாத இடத்தை அடைக்க வேண்டும். அடைப்பதற்கு இரண்டு கைவழிகள். முதல் வழியில் கொழுப்பு மையால் துணியின்மேல் வரைந்து, அது காய்ந்ததும் முழுத் துணிக்கும் கரைத்த பசையை இழுத்துவிடுவார்கள். பசை காய்ந்தபின் டர்பென்டைன் ஊற்றித் துடைத்தால் கொழுப்பு மை கரைந்து, வரைந்த இடம் மட்டும் திறந்துகொள்ளும். தூரிகையின் நடுக்கம்கூட அப்படியே பதியும். இரண்டாவது வழி வெட்டும் ஃபிலிம். தாங்குதாளின்மேல் மெல்லிய அரக்குப் படலம். கூர்கத்தியால் மேல் படலத்தை மட்டும் வெட்டி உரித்து, மீதியைத் தின்னர் தொட்டுத் துணியில் ஒட்டி, கடைசியில் தாங்குதாளை உரித்துவிட வேண்டும். ஓரம் கத்தி வெட்டாக வரும். வெறும் அட்டையில் எழுத்தை வெட்டினால் 'ஓ', 'ஏ' போன்ற ஆங்கில எழுத்துகளின் நடுத்துண்டு பிடிமானம் இல்லாமல் விழுந்துவிடும். ஃபிலிமில் அந்த நடுத்துண்டைத் துணியே தாங்கிக்கொள்ளும்.

பிறகு தாளைத் திரைக்கு அடியில் வைத்து, ஒரு பக்கம் மை ஊற்றி, ரப்பர் பட்டையால் ஒரே இழுப்பு. பட்டை 60 முதல் 75 டிகிரி சாய்வில் இருக்கவேண்டும். அதைவிடப் படுத்துவிட்டால் மை அளவுக்கு மீறி இறங்கி எழுத்தின் ஓரம் கசியும். துணிக்கும் தாளுக்கும் நடுவே இரண்டு மூன்று மில்லிமீட்டர் இடைவெளி வேண்டும். பட்டை கடந்ததும் துணி தானே தாளைவிட்டு எழும்பும். துணி தொய்ந்திருந்தால் எழும்பாது, தாள் ஒட்டிக்கொண்டு படம் இரட்டையாகத் தெரியும். இழுப்புக்கும் இழுப்புக்கும் நடுவே நேரம் போனால் வலைக்கண்ணில் மை காய்ந்து, அடுத்த தாளில் சிறு துளைகளாக வெள்ளை தெரியும்.

ஒரு நிறத்துக்கு ஒரு திரை. நான்கு நிறத்தில் 100 பிரதி என்றால் 400 இழுப்பு. 20 நிறம் என்றால் 2,000. ஒவ்வொரு நிறத்துக்கும் தாளை அதே இடத்தில் வைக்கவேண்டும், முந்தைய மை காய்ந்திருக்கவேண்டும். காற்றின் ஈரம் மாறினால் தாள் விரியும் அல்லது சுருங்கும். காலையில் பொருந்திய நிறம் மாலையில் ஒரு மில்லிமீட்டர் விலகி நிற்கும். இதற்காகவே தேவைக்கு மேல் தாள் வைத்துத்தான் வேலையைத் தொடங்குவார்கள்.

கொரீட்டாவின் 1950-களின் அச்சுகளில் இந்தச் சுமை தெரிகிறது. பழைய கிழக்குக் கிறிஸ்தவ (பைசண்டைன்) ஓவியச் சாயலில் வேதாகமக் காட்சிகள், நிறத்தின்மேல் நிறமாக அடுக்கடுக்கான மை. 1952-ல் லாஸ் ஏஞ்சலிஸ் கவுண்டி அருங்காட்சியகப் போட்டியில் முதல் பரிசு பெற்ற 'த லார்ட் இஸ் வித் தீ', சரியாக வராத ஒரு பழைய படத்தின் மேலேயே அச்சிட்டு மீட்டெடுத்தது. கெட்டுப்போன தாளைத் தூக்கி எறியாமல் அதன்மேலேயே மறுபடியும் ஒரு நிறத்தை இழுத்துப் பார்ப்பது இந்தத் தொழில் கற்றுத்தரும் பழக்கம். கற்பித்தல் ஆண்டு முழுவதையும் விழுங்கிவிட்டதால், கோடை வகுப்பு முடிந்து அடுத்த பருவம் தொடங்குமுன் கிடைக்கும் ஆகஸ்ட் மாதச் சில வாரங்களில்தான் அச்சு வேலை நடந்தது. சகோதரிகளும் மாணவிகளும் இழுக்கவும் உலர்த்தவும் கைகொடுத்தார்கள். 1960-களில் அடுக்குகள் குறைந்து இரண்டு, மூன்று, நான்கு பளீர் நிறங்களுக்கு அவர் வந்ததில் பாப் கலையின் பங்கு உண்டு. இந்தக் குறுகிய காலக்கெடுவின் பங்கும் உண்டு என்றே சொல்லவேண்டும்.

1964-தான் அவருடைய பெரிய ஆண்டு. அந்த ஆண்டில் ஓவியத் துறையின் தலைவரானார். கல்லூரியின் அருகிலிருந்த 'மார்க்கெட் பாஸ்கெட்' அங்காடியின் பலகைகளும் 'ஜெனரல் மில்ஸ்' உணவுக் கம்பெனியின் பெரிய ஜி எழுத்தும் அச்சுகளுக்குள் நுழைந்தன. 'ஃபார் எலனோர்' என்ற அச்சில் அந்தப் பிரம்மாண்டமான ஜி தாளை நிறைக்கிறது. "ஜி என்றால் நற்குணம்" என்று கம்பெனி விளம்பரம் சொன்னது. ஆங்கிலத்தில் கடவுளுக்கும் முதலெழுத்து அதுவே. மீதியைப் பார்ப்பவர் நிரப்பிக்கொள்கிறார். இன்னொரு அச்சில், மரியாள் சிரிப்பாள், பாடுவாள், ஓடுவாள், பளிச்சென்ற ஆரஞ்சு உடுத்துவாள், இன்றைக்கு இருந்தால் மார்க்கெட் பாஸ்கெட்டில்தான் சாமான் வாங்குவாள் என்று எழுதியிருக்கிறார். மரியாளை உலகிலேயே சாறு மிகுந்த தக்காளி என்று சொன்ன அச்சு இன்னும் கடும் கோபத்தைக் கிளப்பியது. 'டெல் மான்டே' டப்பாக்களின் விளம்பர மொழி அது. 'தக்காளி' என்ற சொல்லுக்கு அமெரிக்கக் கொச்சையில் கவர்ச்சியான பெண் என்ற பொருளும் இருப்பதால், மறைமாவட்டத்தார் பதறியதற்குக் காரணம் இருந்தது. பழைய மரியாள் மன்றாட்டுமாலையில் அவளைத் தந்தக் கோபுரம், மறைபொருளான ரோஜா என்றெல்லாம் அழைக்கிறோமே, அந்த உருவகங்கள் பிறந்த நாளில் இப்படித்தான் புதிதாக இருந்திருக்கும் என்பது கொரீட்டா தரப்பின் நியாயம். அந்த நியாயம் வலுவானது.

ரொட்டி உறைக்கு அவர் அதே ஆண்டு திரும்பி வந்தார். 'தட் தே மே ஹாவ் லைஃப்' அச்சில் வட்டங்களும் உறையின் சொற்களும் இருக்கின்றன. ஆனால் இந்த முறை கீழே கையெழுத்தில், பிள்ளைகளுக்குச் சாப்பாடு போதாத ஒரு கென்டக்கிச் சுரங்கத் தொழிலாளியின் மனைவி பேசுகிறாள். பசித்தவர்களுக்குக் கடவுள் ரொட்டியின் வடிவத்தில் மட்டுமே தோன்ற முடியும் என்ற காந்தியின் வாசகமும் இருக்கிறது. 1962-ன் வெறும் வட்டங்களில் அப்பம் இறைப்பொருளாக இருந்தது. இரண்டே ஆண்டுகளில் அது பசியின் கணக்காகிவிட்டது. அவருடைய வளர்ச்சியைக் காட்ட இந்த இரண்டு தாள்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் போதும்.

இந்த அச்சுகளில் எப்போதும் இரண்டு குரல்கள். ஒன்று தூரத்திலிருந்து கத்தும் விளம்பர எழுத்து. மற்றொன்று தாளருகே வந்தால்தான் கேட்கும் சன்னமான கையெழுத்து: வேதவசனம், கவிதை, கவிஞரும் போர் எதிர்ப்பாளருமான அருட்தந்தை டேனியல் பெரிகனின் பிரசங்கம், நண்பரின் கடிதம். பெரிய எழுத்து வழிப்போக்கரை நிறுத்துகிறது. சிறிய எழுத்து நின்றவரிடம் பேசுகிறது. நான்கு பலகைகளாக விரியும் 1965-ன் 'பவர் அப்' (வலுவேற்று) இதற்கு நல்ல உதாரணம்: 'ரிச்ஃபீல்டு' பெட்ரோல் கம்பெனியின் கோஷம் பிரம்மாண்டமாக, அதற்குள் பெரிகனின் வாசகம் எறும்பு வரிசையாக. பெட்ரோல் தரும் வலுவை ஆன்ம வலுவாக மாற்ற அவர் அந்தக் கோஷத்தில் ஒரு எழுத்தைக்கூடக் கூட்டவில்லை.

எழுத்துகளை வளைத்த முறையும் எளிமையானது. பத்திரிகை விளம்பரத்தைக் கிழிப்பார், கசக்குவார், மடிப்பார். அந்த மடிப்போடு புகைப்படம் எடுத்து, படவில்லையை (ஸ்லைடை) ஒளிபாய்ச்சிச் சுவரில் பெரிதாக வீழ்த்தி, வெளிக்கோட்டைப் பிரதி எடுத்து, ஃபிலிமில் வெட்டுவார். சொல் தாளில் தட்டையாக இல்லாமல் கொடிபோல அசைவது இதனால்தான். கணினிகள் இந்த வளைவுகளை ஒரு நொடியில் செய்யும் காலத்தில் வளர்ந்தவர்களுக்கு, ஒவ்வொன்றும் கத்தியால் வெட்டப்பட்டது என்பது மனத்தில் ஏறவே கொஞ்ச நேரம் பிடிக்கும். இந்த அச்சுகள் சிலவற்றுக்குத் தாளே கிடையாது. சட்டைக் காலருக்குள் வைத்துத் தைக்கும் நெய்யாத வெள்ளைத் துணிமேல் அடித்திருக்கிறார்.

பார்க்கக் கற்பிப்பதற்கு அவர் வைத்திருந்த கருவி ஒரு அட்டைத் துளை. அட்டையில் சதுரமாக ஓட்டை வெட்டலாம், அல்லது 35 மில்லிமீட்டர் படவில்லையின் காலிச் சட்டத்தை எடுத்துக்கொள்ளலாம். அதைக் கண்ணுக்கு முன் பிடித்துக்கொண்டு மாணவிகள் பெட்ரோல் பங்குக்கும் கார் விற்பனைத் திடலுக்கும் போவார்கள். முழுப் பலகையாகப் பார்த்தால் அது விளம்பரம்; அதில் ஒரு மூலை மட்டும் துளைக்குள் வந்தால் அது வெறும் நிறமும் வளைவும். மேலே சொன்ன வெட்டுகள் எல்லாம் இந்தத் துளையில் பிறந்தவை. வகுப்புக்கு வடிவமைப்பாளர்கள் சார்லஸ் ஈம்ஸ், சால் பாஸ், கட்டடச் சிந்தனையாளர் பக்மின்ஸ்டர் ஃபுல்லர், இசையமைப்பாளர் ஜான் கேஜ் போன்றவர்கள் வந்து பேசினார்கள். துறைக்காக அவர் தொகுத்த பத்து விதிகள் இன்று இணையமெங்கும் ஜான் கேஜின் பெயரில் உலவுகின்றன. கேஜ் அதில் மேற்கோள் காட்டப்படுகிறார், அவ்வளவுதான். விதிகளைத் தொகுத்தவர் கொரீட்டா.

கல்லூரியின் மரியாள் தினம் அதுவரை கறுப்பு அங்கிகளின் அமைதியான ஊர்வலம். 1964-ல் கொரீட்டாவின் துறை அதைப் பூக்களும் பதாகைகளும் மளிகைப் பெட்டிகளும் நிறைந்த திருவிழாவாக மாற்றி, உலகப் பசியை அதன் பொருளாக்கியது. அதே ஆண்டு நியூயார்க் உலகக் கண்காட்சியின் வத்திக்கான் அரங்கில் இயேசுவின் மலைப்பொழிவில் வரும் 'பேறுபெற்றோர்' வாசகங்களை 40 அடி நீளத்தில் எழுதினார். 1965 கிறிஸ்துமஸுக்கு நியூயார்க் மேடிசன் அவென்யூவில் ஐபிஎம் நிறுவனத்தின் காட்சி ஜன்னல்களில் மாணவிகளோடு சேர்ந்து அட்டைப் பெட்டிகளால் அமைத்த 'பூமியில் சமாதானம்', போர் எதிர்ப்பு என்ற புகார் வர, மாற்றி அமைக்கப்பட்டது. அதே ஆண்டு ஆகஸ்டில் லாஸ் ஏஞ்சலிஸின் வாட்ஸ் பகுதியில் நடந்த எழுச்சியில் 34 பேர் இறந்தார்கள். 'மை பீப்பிள்' அச்சில் உள்ளூர் நாளிதழின் முதல் பக்கத்தை அப்படியே பதித்து, கறுப்பின மக்களோடு நின்ற ஒரு குருவானவரின் சொற்களைச் சிவப்பில் அருகே வைத்தார்.

பேராயர் கர்தினால் ஜேம்ஸ் ஃபிரான்சிஸ் மெக்கின்டயருக்கு இவை எதுவும் பிடிக்கவில்லை. ஆனால் மோதல் ஓவியத்தோடு நிற்கவில்லை. உலகக் கத்தோலிக்க ஆயர்கள் கூடிய இரண்டாம் வத்திக்கான் சங்கம் துறவற சபைகளைத் தங்களைப் புதுப்பித்துக்கொள்ளச் சொன்னது. மாசற்ற இருதய சபை 1967-ல் அதைச் சொன்னபடியே செய்தது. உடையும் செபநேரமும் அவரவர் தேர்வு. முறையான பயிற்சியில்லாமல் நெரிசலான வகுப்பறைகளுக்குச் சகோதரிகளை அனுப்புவதில்லை. கர்தினால் இணங்கவில்லை. மறைமாவட்டப் பள்ளிகளில் இவர்களுக்கு இடமில்லை என்றார். 1970-ல் 300-க்கும் மேற்பட்ட சகோதரிகள் வார்த்தைப்பாடுகளிலிருந்து விடுபட்டுத் தனிச் சமூகமாக வெளியேறினார்கள். 1967 டிசம்பர் 25-ன் நியூஸ்வீக் வார இதழின் அட்டையில் கொரீட்டாவின் முகம் வந்தது. வேலையும் புகழும் சச்சரவும் சேர்ந்து களைத்துப்போய் 1968 கோடையில் விடுப்பில் கேப் காட் சென்றவர் சபைக்குத் திரும்பவில்லை. 32 ஆண்டுத் துறவு முடிந்தது. பாஸ்டனில் தனியே குடியேறினார்.

அடுத்து வந்த 'ஹீரோஸ் அண்ட் ஷீரோஸ்' வரிசையின் 29 அச்சுகள் அவருடைய கோபத்தின் உச்சம். வியட்நாம், மார்ட்டின் லூதர் கிங், கென்னடிகள், கட்டாய ராணுவச் சேர்ப்புக் கோப்புகளை 1968 மே 17-ல் கேட்டன்ஸ்வில்லில் எரித்த பெரிகன் சகோதரர்கள். நுட்பமும் மாறியது. பத்திரிகைப் புகைப்படங்களை ஒளி உணர் பூச்சின் வழியே திரைக்கு ஏற்றினார்கள்: ஒளி பட்ட இடம் இறுகும், படாத இடம் தண்ணீரில் கழுவிப்போகும். புகைப்படம் புள்ளிகளாக உடைபட்டிருக்கும் என்பதால், வலையின் இழை எண்ணிக்கை புள்ளி வரிசையைப்போல நான்கைந்து மடங்கு இருக்கவேண்டும். குறைந்தால் படத்தின்மேல் அலையலையாக வேண்டாத கோடுகள் எழும். கலிஃபோர்னியாவின் ஹாம்பிளி அச்சகம் இந்த வேலையைச் செய்தது. 1969-ன் 'அமெரிக்கன் சாம்ப்ளர்' அந்தக் கால அமெரிக்கச் சிறுமிகள் எழுத்துப் பழக நூலால் தைத்த துணியைப் போன்றது. ஆனால் அதில் தைத்திருப்பது படுகொலை, வியட்நாம், வன்முறை. அசாசினேஷன் என்ற ஆங்கிலச் சொல்லின் எழுத்துகளுக்கு நிறம் மாற்றிக் கொடுத்ததும் அதற்குள்ளிருந்து 'பாவம்', 'தேசம்' என்ற சொற்கள் எழுந்து நிற்கின்றன.

பாஸ்டனில் அவர் பெயரைப் பரப்பியது 1971-ல் டார்செஸ்டரின் எரிவாயுத் தொட்டிமேல் வரையப்பட்ட வானவில். தொட்டி சுமார் 140 அடி உயரம். அவர் சிறு மாதிரியில் தூரிகையை இழுத்தார்; பலகை எழுதும் தொழிலாளர்கள் அதைப் பெரிதாக்கினார்கள். நீலப் பட்டையின் ஓரத்தில் வட வியட்நாம் தலைவர் ஹோ சி மின்னின் முகம் தெரிகிறது என்ற பேச்சு கிளம்பியது, அவர் மறுத்தார். 1992-ல் அந்தத் தொட்டியை இடித்தபோது ஓவியத்தைப் பக்கத்துத் தொட்டிக்கு மாற்றி வரைந்தார்கள். 1985-ல் வந்த 22 சென்ட் 'லவ்' தபால்தலை 70 கோடிக்கு மேல் விற்றது. பாஸ்டன் ஆண்டுகளின் பல அச்சுகள் நீர்வண்ணத் தன்மையோடு மென்மையானவை. 1974 முதல் புற்றுநோயோடு வாழ்ந்தவரின் அமைதி அவற்றில் இருக்கிறது. ஆனால் 1964 முதல் 1969 வரையிலான சொல் அச்சுகளின் கூர்மையை அவற்றில் தேடினால் கிடைக்காது. 1986 செப்டம்பர் 18-ல் இறந்தார். சுமார் 800 அச்சுகள் மிஞ்சின. அவற்றின் உரிமைகளைச் சபையிலிருந்து வெளியேறிய அந்தச் சமூகத்துக்கே எழுதிவைத்தார்.

அந்த 800-ஐ அருங்காட்சியகங்கள் நெடுங்காலம் கண்டுகொள்ளாததற்கு அவர் பெண், அதிலும் கன்னியாஸ்திரி என்பது ஒரு காரணம். வணிகக் காரணமும் உண்டு. அச்சுகளுக்குப் பொதுவாகப் பிரதி எண் இடுவார்கள். 100-ல் 7 என்று எழுதினால் விலை ஏறும். கொரீட்டா கையெழுத்திட்டாரே தவிர, எண்ணிட்டுத் தட்டுப்பாட்டை உண்டாக்க விரும்பவில்லை. மாதா கோயில் அரங்குகளில் குறைந்த விலைக்கு விற்றது, மாணவர் அறைகளில் குண்டூசியால் குத்தப்பட்டது, வெயிலில் தொங்கியது. அந்தக் கையெழுத்தே காலம் சொல்லும்: 1968 வரை 'சிஸ்டர் மேரி கொரீட்டா', அதன்பின் வெறும் 'கொரீட்டா'.

வெயில்தான் இப்போது பெரிய கவலை. 1960-களின் இறுதியில் அவர் விரும்பிய ஒளிரும் மைகள் புற ஊதாக் கதிரை விழுங்கி அதைக் கண்ணுக்குத் தெரியும் ஒளியாகக் கக்குவதால் அப்படிப் பளீரிடுகின்றன. அந்த வேலையிலேயே அவை சீக்கிரம் மங்கியும் போகின்றன. காட்சியில் வைப்பவர்கள் 50 லக்ஸுக்கு மேல் ஒளி விடாமல், சில மாதங்களில் எடுத்து இருட்டறைக்கு அனுப்பிவிடுவார்கள். அந்த ஆரஞ்சையும் இளஞ்சிவப்பையும் நான்கு நிற அச்சுப் புத்தகமோ கைபேசித் திரையோ காட்ட முடியாது. புத்தகத்தில் பார்த்துவிட்டு நேரில் பார்ப்பவர்கள் திடுக்கிடுவது இதனால்தான். அவருடைய அச்சு ஒன்றின் முன் நிற்க வாய்த்தால் முதலில் பத்தடி தள்ளி நின்று பெரிய எழுத்தைப் படியுங்கள். பிறகு மூக்கு கண்ணாடியில் இடிக்கும் தூரத்துக்குப் போய், அதற்குள் எழுதியிருக்கும் கையெழுத்தைக் கடைசி வரி வரை படியுங்கள்.